கொடியை நோக்கி அடிக்காத துணிவு

காட்டுப்பாக்கத்தில் குடியிருக்கும் தமிழாசிரியன் ஒருவன் கோல்ஃப் பற்றி எழுதப் புகுந்தால் நண்பர்கள் நகைக்கக்கூடும். எங்கள் பகுதியில் மிஞ்சியிருக்கும் காலி மனைகளில் சிறுவர்கள் ஆடுவது கிரிக்கெட் மட்டுமே. நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் மன்றத்துக்குக் கோல்ஃப் களம் உண்டு என்றாலும், நம்மில் பெரும்பாலோர் அத்தகைய களங்களின் சுற்றுச்சுவரோடு நின்றுவிட்டவர்கள். என்னை இந்த ஆட்டத்தின் பக்கம் திருப்பியவர் என் பழைய மாணவர் ஒருவர். விடியற்காலையில் ஒரு களத்தில் ஆட்டக்காரர்களின் மட்டைப்பையைச் சுமக்கும் 'கேடி'யாக வேலை பார்த்துவிட்டு, செருப்பில் புல் ஒட்டியிருக்க முதல் வகுப்புக்கு வந்து அமர்வார்.

"பை சுமப்பதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது தம்பி?" என்று ஒருமுறை கேட்டேன். "கொடி எவ்வளவு தூரம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம் ஐயா. இவர் அடித்தால் எவ்வளவு தூரம் போகும், தவறினால் எந்தப் பக்கம் தவறும் என்று தெரிந்தவன்தான் கேடி" என்றார்.

அந்த விடையின் ஆழம் எனக்குப் பின்னர்தான் விளங்கியது. எத்துணைத் தேர்ந்த ஆட்டக்காரராயினும், ஒரே மட்டையால் நூறு முறை அடித்தால் நூறு பந்துகளும் ஒரே இடத்தில் விழுவதில்லை. ஒரு வட்டத்தில் சிதறி விழுகின்றன. குழிக்கருகே நடப்பட்ட கொடி நீர்நிலையின் ஓரத்தில் இருக்குமானால், கொடியையே குறிவைப்பவரின் சிதறலில் ஒரு பகுதி நீருக்குள் போகும். அறிவுள்ளவர் புல்தரையின் நடுப்பகுதியைக் குறிவைக்கிறார். மிகச் சிறந்த அடி எங்கே போகும் என்பதைவிட, வழக்கமான அடி எங்கே போகும் என்பதே கணக்கு. காற்று எப்படி வீசுகிறது, அடுத்த அடிக்கு எந்தப் பக்கம் நின்றால் வழி திறக்கும் என்பவை அதன்பின் வருகின்றன.

திருக்குறளில் 47 முதல் 50 வரையுள்ள அதிகாரங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல். ஆராய்ந்து தொடங்கு, உன் வலிமையை அள, பொழுதைப் பார், இடத்தைத் தேர் என்கிற அந்த ஒழுங்கைத்தான் கேடி ஒவ்வொரு அடிக்கு முன்னும் ஆட்டக்காரரின் காதில் ஓதிக்கொண்டிருக்கிறார். ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திய எனக்கு அது உறைக்கவில்லை.

உற்சாகத்தை மட்டுமே நம்பி இறங்கி நடுவழியில் ஒடிந்துபோகிறவர்களைப் பற்றி வலியறிதலில் வள்ளுவர் எச்சரிக்கிறார். அதற்கு உரைபோல அமைந்தது, 1999ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பன். பிரான்சின் ஜான் வான் டி வெல்ட் கடைசிக் குழிக்கு வந்தபோது மூன்று அடி முன்னிலையில் இருந்தார். நான்கு அடிகளில் முடிக்கவேண்டிய அக்குழியை ஆறு அடிகளில் முடித்தாலும் கோப்பை அவருக்கே. டிரைவரால் அடித்த முதற்பந்து பக்கவாட்டில் விலகியும் தப்பிப் பிழைத்தது. குட்டையாக ஒன்று தட்டி ஓடைக்கு இப்பால் நிறுத்தியிருக்கலாம். அவரோ நீண்ட மட்டையை எடுத்துப் புல்தரையை நோக்கி அடித்தார். பந்து பார்வையாளர் மேடையில் மோதித் திரும்பி அடர்புல்லில் விழுந்தது. அடுத்தது ஓடைக்குள். பிறகு தண்ட அடி, மணற்குழி, எல்லாம் சேர்ந்து ஏழு. சமநிலைப் போட்டியில் பால் லாரி வென்றார்.

இதற்கு எதிர்முனையில் நான் வைப்பது பெங்களூரின் அதிதி அசோக். டோக்கியோ ஒலிம்பிக்கின் இறுதிச் சுற்று 2021 ஆகஸ்ட் 7 அன்று நடந்தது. உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்தில் இருந்தவர், தாயார் பை சுமக்க, மூன்று சுற்றுகளின் முடிவில் இரண்டாமிடத்தில் நின்றார். போட்டியாளர்களிலேயே மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் ஒருவர் அவர். பிறர் சிறு மட்டையால் அணுகிய புல்தரைகளை அவர் நீண்ட மட்டைகளால் அணுகவேண்டியிருந்தது. தொலைவில் போட்டியிடாமல், பந்தை நேர்வழியில் வைத்து, குழிக்கருகே உருட்டும் 'பட்'டில் தம் வலிமையைச் செலவிட்டார். வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் மோதியவர்களுக்கு ஓரடி பின்னால், நான்காமிடம். 'நூலிழையில் நழுவிய பதக்கம்' என்று நாம் இரங்கினோம். தம் வலிமையின் எல்லையை அவ்வளவு துல்லியமாக அறிந்து ஆடியதை எத்தனை பேர் பாராட்டினோம்?

அடங்கி ஆடுவதே அறிவு என்று நான் வாதிடுவதாக எண்ணவேண்டாம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி இலட்சக்கணக்கான அடிகளை ஆராய்ந்து, இடையில் நீரோ மணலோ இல்லாவிட்டால் பந்தைக் குழிக்கு இயன்றவரை நெருக்கமாகக் கொண்டுசெல்வதே பெரும்பாலும் இலாபம் என்று காட்டினார். ஆயினும் 2007 மாஸ்டர்ஸ் போட்டியில் ஸாக் ஜான்சன், ஐந்தடிக் குழிகள் பதினாறிலும் இரண்டாம் அடியிலேயே புல்தரையை எட்ட முயலவில்லை. குட்டையாக நிறுத்தி மூன்றாம் அடியில் நெருங்கினார். அவற்றில் பதினொன்றில் ஓரடி மிச்சம் பிடித்து, டைகர் வுட்ஸ் உள்ளிட்டோரை இரண்டடியில் வென்றார். பிராடியின் கணக்கு பலருக்குமான சராசரி. ஜான்சன் போட்டது தமக்கான கணக்கு. தன்வலி அறிந்தவனுக்குச் சில நாள்களில் நீளம் சரி, சில நாள்களில் குட்டை சரி.

துணிவு என்ற சொல்லை நாம் வீரம் என்ற பொருளிலேயே வழங்கிவருகிறோம். துணிதல் என்பதற்கு அறுபடுதல், ஐயம் நீங்கி முடிவுசெய்தல் என்னும் பொருள்களும் உண்டு. பலவழிகளை எண்ணி, ஒன்றை ஏற்று, மற்றவற்றை அறுத்தெறிவது துணிவு. அப்படிப் பார்த்தால் அன்று கார்னூஸ்டியில் குட்டையாகத் தட்டியிருப்பதற்கே கூடுதல் துணிவு வேண்டியிருந்திருக்கும்.

இதை நான் எழுதுவதற்கு ஒரு கடன் காரணம். அந்த மாணவருக்கு நான்காம் தொகுதித் தேர்வில் எழுத்தர் பணி கிடைத்தபோது என்னிடம் யோசனை கேட்டார். "குறி பெரிதாக இருக்கட்டும்" என்றேன். பணியை மறுத்துக் குடிமைப்பணித் தேர்வுக்குப் படித்தார். அவர் வீட்டில் வருமானம் என்ன, எத்தனை ஆண்டு தாங்கும் என்று நான் கேட்கவில்லை. நான்கு முயற்சிகள் வீணாயின. இன்று தனியார் நிறுவனமொன்றில் இருக்கிறார். என்மேல் அவருக்கு வருத்தமில்லை என்கிறார். அது அவருடைய பெருந்தன்மை.

அவர் ஆட்டக்காரர்களுக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்யவில்லை. கொடியின் தூரத்தை மட்டும் சொன்னேன். இப்போது மாணவர்கள் யோசனை கேட்டு வந்தால், முதலில் அவர்களை உட்காரவைத்து வீட்டு நிலைமையைக் கேட்கிறேன்.