சாவி கொடுத்தும் ஓடாத பொம்மை!

இந்த வாரம் ஒரு காஸ்ட்லி மொக்கையைப் பத்திப் பேசலாமா? படத்தோட பேரு 'டாய்ஸ்'. 1992 டிசம்பர்ல வந்த ஹாலிவுட் காமெடி. இயக்கம் பேரி லெவின்சன். 'ரெயின் மேன்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கின மனுஷன். ஹீரோ ராபின் வில்லியம்ஸ். வீட்டோட உட்கார்ந்து சிரிக்கலாம்னு டி.வி.டி. போட்டா... கொட்டாவிதான் மிச்சம்!

கதை என்னவோ ஜோர்தான். பொம்மை ஃபேக்டரி முதலாளி சாகும்போது, விளையாட்டுப் பிள்ளையா திரியுற மகனை நம்பாம, ராணுவ ஜெனரலான சகோதரர் கையில கம்பெனியைக் கொடுத்துட்டுப் போறார். ஜெனரலோ ரகசியமா போர் பொம்மை செய்ய ஆரம்பிக்கிறார். சின்னப் பசங்க வீடியோ கேம்னு நினைச்சு விளையாடணும், அந்தக் கையை வெச்சே நிஜமான குண்டு போடணும். இதுதான் அவர் பிளான். தினமும் ட்ரோன் தாக்குதல் நியூஸ் பார்க்கிற நமக்கு இது பகீர்னு இருக்குல்ல? 1992லயே யோசிச்சிருக்காங்க பாஸ்!

அப்புறம் ஏன் ஊத்திக்கிச்சு? செலவு 4 கோடி டாலருக்கு மேல. அமெரிக்காவில் வசூல் சுமார் 2.3 கோடிதான். கலை இயக்கம், உடை அலங்காரம் ரெண்டுக்கும் ஆஸ்கர் நாமினேஷன் கிடைச்சது. அதாவது, செட் பாஸ்... கதை அரியர்!

காரைக்குடிக்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். நம்ம ஊர் வீட்டுக்குள்ள கேமராவை எங்கே வெச்சாலும் ஃப்ரேம் நிறைஞ்சிடும். அதுக்காக தேக்குத் தூண் வந்து டயலாக் பேசுமா என்ன?

படத்துல ஒரே ஒரு சீன்ல வாய்விட்டுச் சிரிக்கலாம். குறும்புக்காக விக்கிற போலி வாந்தியில எது பெஸ்ட்னு ஆராய்ச்சி மீட்டிங் போடுறாங்க. ஏன் சிரிப்பு வருது? அங்கதான் நாலு பேர் ஒரு விளையாட்டுச் சாமானை சீரியஸா கையில எடுத்துப் பார்க்கிறாங்க. மத்த நேரமெல்லாம் பொம்மைங்க வெறும் அலங்காரம். அதனால கிளைமாக்ஸ்ல பழைய சாவி பொம்மைங்க போர் மெஷினோட மோதி உடையும்போது நமக்கு வலிக்கவே இல்லை. பொம்மையை ஆயுதமாக்கலாமாங்கிற பெரிய கேள்வியும் அதோட புஸ்ஸுனு போயிடுது.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு நடை ஆத்தங்குடி போய்ப் பாருங்க. கண்ணாடித் தகடு மேல அச்சு வெச்சு, கலரைக் கையாலேயே ஊத்தி, மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்தி, தண்ணியில ஊறவெச்சுக் காயவெச்சு ஒரு டைல்ஸ் செய்றாங்க. பத்து நிமிஷம் நின்னு பார்த்தாலே போதும், 'ஐயோ, உடைஞ்சிடக் கூடாதே'னு மனசு பதறும். 'டாய்ஸ்' படத்துல வராத பதற்றம் அதுதான்.

கல்ச்சுரல்ஸுக்கு ஸ்கிட் ரெடி பண்ற மகாஜனங்களே... தெர்மாகோல் வாங்குறதுக்கு முன்னாடி கதையை ஒரு தரம் படிச்சுப் பாருங்க. அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!