ஒடேஸாவுக்கு வாரிசு தேடுகிறவர்கள்

சக சிற்றிதழ் ஒன்றின் சினிமாச் சிறப்பிதழ், மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமை இன்றைய இணையவழி நிதி திரட்டலுக்கு முன்னோடி என்று கொண்டாடியிருக்கிறது. அண்மையில் விருது வாங்கிய ஓர் இயக்குநருக்கு அவருடைய வாரிசுப் பட்டமும் சூட்டியாயிற்று. வாரிசு போகட்டும், இங்கே விருதோடு ஒரு தாத்தாவையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம்தான். முன்னோடி என்பதைத்தான் விழுங்க முடியவில்லை.

1984இல் கோழிக்கோட்டில் கூடிய ஜானின் ஒடேஸா குழு ஊர் ஊராகப் போய்ச் சாப்ளினின் 'தி கிட்' படத்தைக் காட்டியது. பார்த்தவர்களிடம் காசு கேட்டது. மக்களிடம் அப்படித் திரட்டிய பணத்தில் 1986இல் வந்தது அவருடைய 'அம்ம அறியான்'. வரிசையைக் கவனியுங்கள். முதலில் திரை கட்டினார்கள், பிறகுதான் கை நீட்டினார்கள். கொடுத்தவர் டைட்டிலில் தன் பெயரைத் தேடுகிறவர் அல்லர், வரப்போகும் படத்தின் பார்வையாளர். படமே அந்த வசூல் நடையைப் போலத்தான் போகிறது: இறந்துபோன ஹரியின் தாய்க்குச் சேதி சொல்லப் புருஷன் என்பவன் கிளம்புகிறான், வயநாட்டிலிருந்து கொச்சி வரை வழிநெடுக ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்கிறார்கள். இன்றோ பணம் சேர்ந்ததும் கொடுத்தவரை மறந்தாயிற்று; படம் விழா விழாவாகச் சுற்றுகிறது.

சிறப்பிதழில் பாதி, குடிக் கதைகள். 1987இல் கோழிக்கோட்டில் மாடியிலிருந்து விழுந்து, ஐம்பதை எட்டாமலே இறந்தவரைப் பற்றி எழுத வேறொன்றும் அகப்படவில்லை போலும். புனேயில் ரித்விக் கட்டக்கிடம் அவர் படித்த பாடத்துக்கு ஒரு பத்திகூட இல்லை. அவர் இயக்கிய 'அக்ரகாரத்தில் கழுதை'யின் திரைக்கதை வெங்கட் சாமிநாதனுடையது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை! தமிழ் சினிமாவைச் சிற்றிதழ்களில் விடாமல் வைதுகொண்டிருந்த மனிதர், வைததோடு நில்லாமல் எழுதியும் காட்டினார். பேராசிரியராக நடித்தவர் எம்.பி. ஸ்ரீநிவாசன், இசையும் அவரே. 1977இன் அந்தப் படம் தேசிய விருது பெற்றும் தூர்தர்ஷன் ஒளிபரப்பாமல் பின்வாங்கியது. எங்களில் சிலருக்கு அந்தக் கழுதை இன்னும் தலைக்குள் கனைக்கிறது.

வெங்கட் சாமிநாதனை விழுங்கியதும், 'அம்ம அறியா'னில் வேணுவின் ஒளிப்பதிவையும் பீனா பாலின் படத்தொகுப்பையும் மறந்ததும் தற்செயல் அல்ல. இயக்குநரே ஆசிரியன் என்ற பக்திதான் காரணம். ஐம்பதுகளில் பிரெஞ்சுப் பத்திரிகைக்காரர்கள் அந்த வாதத்தைக் கூர்தீட்டியபோது, ஹாலிவுட் ஸ்டூடியோக்களின் பிடியிலும் இயக்குநரின் கையெழுத்தை அடையாளம் காட்ட வேண்டிய தேவை இருந்தது. நம் ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு, முதலாளியே இல்லாத படத்துக்கு முதலாளி தேடுகிறார்கள்.