நாடகந்தானே, சாமி!

“நாடகந்தானே, சாமி! இதையெல்லாம் மனசுல வச்சுக்கலாமா?”

நம் பங்கின் பெரியவர் ஒருவர் இவ்வாறு கேட்டு மூன்று வாரங்கள் ஆகின்றன. அன்று அவருக்கு நாம் மறுமொழி கூறவில்லை. திருப்பலிக்கு இரண்டாம் மணி அடித்துவிட்டது என்றோம். அது சாக்கு, சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. இப்போது எழுத்தில் சொல்ல முற்படுகிறோம். கேட்டவர் இவ்விதழை வரி விடாமல் படிப்பவர். வருத்தம் தோன்றினால் வந்து சண்டையிடலாம். பங்கு இல்லத்தின் கதவு திறந்தே இருக்கிறது.

நடந்தது இது. நம் பங்கின் அன்பியங்களைச் சேர்ந்த 42 பேர் பேருந்து ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு சென்னைக்கு நாடகம் பார்க்கச் சென்றோம். ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்கோ பூண்டிக்கோ செல்பவர்கள் இம்முறை ஒரு மாறுதல் வேண்டும் என்றார்கள். நாமும் மகிழ்ச்சியோடு இசைந்தோம். செபமாலை முடிவதற்குள் முறுக்குப் பொட்டலம் நான்கு வரிசை கடந்து நம் கைக்கு வந்துவிட்டது. பேரவை உறுப்பினர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியைகள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரும் இருந்தனர். நான்கு வீடுகளில் பத்துப்பாத்திரம் துலக்கி, வீடு பெருக்கிப் பிழைக்கும் கைம்பெண் ஒருவரும் இருந்தார். அவரும் அன்பியத்தின் உறுப்பினரே. பேருந்துக் கட்டணத்தையும் நுழைவுச்சீட்டின் விலையையும் மூன்று தவணைகளில் கட்டியவர். உங்களுக்கு மட்டும் பாதி போதும் என்று செயலர் சொன்னபோது, “எல்லாரும் குடுக்கறதை நானும் குடுக்கறேங்க” என்று மறுத்துவிட்டவர். (அவரைப் பற்றி எழுதலாமா என்று அவரிடமே கேட்டோம். “பேரு மட்டும் போட்றாதீங்க சாமி” என்றார்.)

நாடகம் சிரிப்பு நாடகம். கணவன் ஒரு பொய் சொல்ல, அதை மறைக்க ஒன்பது பொய், அவ்வளவுதான் கதை. மூன்றாம் காட்சியில் வேலைக்காரி வந்தாள். நாடகத்தில் மற்ற எல்லாருக்கும் பெயர் உண்டு, அவளுக்குப் பெயரில்லை. ஆங்கிலச் சொற்களைத் தப்பும் தவறுமாகச் சொல்வதும், காப்பித்தூளை மடியில் முடிந்துகொள்வதுமே அவள் வேலை. அவள் அருகே வரும்போதெல்லாம் வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொள்வார். ஒவ்வொரு முறையும் அரங்கம் அதிர்ந்தது.

நாமும் சிரித்தோம். எழுதக் கை கூசுகிறது. ஆயினும் இதை மறைத்தால் மற்றதைச் சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. மூக்கைப் பிடித்த இடத்தில் நம் சிரிப்பு பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரத்திருந்தது. நாமும் அந்தப் பக்கம் திரும்பினோம். அதே வரிசையில் ஐந்து இருக்கைகள் தள்ளி அந்த அம்மாள் அமர்ந்திருந்தார். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, மற்றவர் சிரிக்கும்போது சிரித்து, மற்றவர் நிறுத்தும்போது நிறுத்திக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் திண்டிவனத்துக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில் பேருந்து நின்றது. அவர் மட்டும் இறங்கவில்லை. ஒரு குவளைத் தேநீரை எடுத்துச் சென்று, “நாடகம் பிடிக்கவில்லையா, அம்மா?” என்று கேட்டோம். “நல்லாத்தான் இருந்துச்சு சாமி” என்றார். சற்று நேரம் கழித்து, “அந்தப் பொண்ணு வெளக்கமாத்தைப் புடிக்கத் தெரியாமப் புடிக்குது. அப்படிப் பெருக்குனா அரை மணியில இடுப்பு போயிரும்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நிற்க. நாடகத்தின் மேல் நமக்குப் பகை உண்டென்று யாரும் எண்ண வேண்டா. அந்தப் பகையால் திருச்சபை பட்ட பழி போதும். தெர்த்துல்லியன் கிறிஸ்தவர் அரங்கப் பக்கமே போகலாகாது என்று ஒரு நூலே எழுதினார். பிரான்சு நாட்டில் நடிகர்களுக்குக் கிறிஸ்தவ அடக்கம் மறுக்கப்பட்ட காலம் உண்டு. 1673இல் மோலியேர் இறந்தபோது, மன்னர் தலையிட்ட பிறகும், இரவு வேளையில்தான் புதைக்க இடங்கொடுத்தார்கள். மறுபுறம், கரோல் வொய்த்திவா என்ற இளைஞர் நாசிப் படைகளின் பிடியிலிருந்த கிராக்கோவ் நகரில் 1941 முதல் மறைவாக வீடுகளுக்குள் நாடகம் நடித்தார். பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் ஆனார். ஆகவே அரங்கை நாம் பழிக்கவில்லை. அரங்கில் அமர்ந்திருக்கும்போது நமக்கு மனச்சான்றிலிருந்து விடுமுறை என்று எண்ணுகிறோமே, அதைத்தான் கண்டிக்கிறோம்.

சிரிப்பதும் குற்றமா என்பீர்கள். புனித தோமா அக்குவினாசைக் கேளுங்கள். விளையாட்டும் வேடிக்கையும் மனத்துக்கு ஓய்வு தருவன, அவற்றை அளவோடு நாடுவது நற்பண்பு என்கிறார் அவர். நடிகரின் தொழில் தன்னளவில் தகாததன்று என்கிறார். தானும் சிரியாது பிறர் சிரிப்பையும் கெடுக்கும் மனிதர் தவறு செய்கிறார் என்றும் சொல்கிறார். குருமடத்தில் இதைப் படித்தபோது எங்கள் ஆசிரியர்களில் சிலர் முகம் நினைவுக்கு வந்ததுண்டு. ஆனால் அதே பெருநூலில் எள்ளலைத் தனியொரு பாவமாக வைத்து ஆராய்கிறார். திட்டுகிறவன் மற்றவரது குறையை ஒரு பொருட்டாகவாவது கொள்கிறான்; எள்ளி நகைப்பவனோ அதை விளையாட்டாக்கிவிடுகிறான். அந்த ஆளே ஒரு பொருட்டல்ல, அவருக்கு வலித்தாலும் அது கணக்கில் வராது என்று எண்ணிச் சிரிக்கும் எள்ளல், நேரே முகத்துக்கு எதிரில் இகழ்வதைவிடக் கொடிது என்பது அவர் தீர்ப்பு. “நாடகந்தானே” என்னும் சொல்லின் உட்பொருள் இதுவேயன்றோ? நோகிறவர் நம் சம்பந்தியாகவோ மேலதிகாரியாகவோ இருந்திருந்தால் அச்சொல் நம் வாயில் வந்திராது.

உள்ளதைத்தானே காட்டினார்கள், அவர்கள் அப்படித்தானே பேசுகிறார்கள் என்றார் இன்னொருவர். பேதுருவும் அப்படித்தான் பேசினார். தலைமைக் குருவின் முற்றத்தில் அவரைக் காட்டிக்கொடுத்தது அவருடைய கலிலேயப் பேச்சு. எருசலேமின் காதுக்கு அது நாட்டுப்புறத்தான் பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நாம் விசுவாசம் பெற்றோம்.

அன்புள்ள வாசகர்களே, நற்செய்தியிலேயே ஒரு நாடகம் உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பாடுகளின் நாளன்று, ஆளுநரின் மாளிகை முற்றத்தில், படைவீரர் ஒரு கைதிக்குச் செந்நிற ஆடை உடுத்தி, முள்முடி சூட்டி, முழந்தாளிட்டு, அரசே வாழ்க என்றனர். ஆடை அணிகலன் உண்டு, வசனம் உண்டு, பாத்திரம் உண்டு. மாற்கு இன்னொன்றையும் குறித்து வைத்திருக்கிறார். அதைத் தொடங்குமுன் அவர்கள் படைப்பிரிவு முழுவதையும் கூப்பிட்டார்கள். ஏன்? பார்வையாளர் இல்லாமல் அந்த வேடிக்கை நடவாது. பின்வரிசையில் நின்ற ஒரு வீரன் கை ஓங்கியிருக்க மாட்டான், துப்பியிருக்க மாட்டான், சிரித்திருப்பான், அவ்வளவே. அவனைக் கேட்டாலும் வேடிக்கைதானே என்றுதான் சொல்லியிருப்பான். சென்னையில் நாம் அமர்ந்திருந்தது அவன் நின்ற இடத்தில்.

நம் மண்ணின் கூத்தில் சிரிப்பு எந்தத் திசையில் பாய்கிறது என்று பாருங்கள். செஞ்சிப் பக்கத்தில் விடிய விடிய ஆடும் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வருகிறான். அரசன் வருகையை அறிவிப்பவனும் அவனே, அரசனைக் குறுக்குக் கேள்வி கேட்டுக் கேலி செய்பவனும் அவனே. ஊரார் பேச்சைப் பேசி, கிரீடம் சூடியவனைத் தடுமாற வைக்கிறான். (அவனும் சில வேளை எளியவரைச் சீண்டுவதுண்டு, மறைப்பதற்கில்லை.) நம் வீரமாமுனிவர் பரமார்த்த குருவின் கதையில் யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்? சமையற்காரியையா? குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும். தாமே ஒரு குருவாயிருந்துகொண்டு அதை எழுதியவர் அவர். நம்மைப் போன்றோரை மேடையில் ஏற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சிரியுங்கள். நீண்ட மறையுரைக்காக மட்டுமே இரண்டு காட்சி தேறும்.

வீட்டு வேலை செய்வோரைத் திருச்சபை அறியாததன்று. இத்தாலியின் லூக்கா நகரில் சிறுமியாய்ப் புகுந்த ஒரே வீட்டில் சாகும்வரை பணி செய்த ஜிட்டா என்பவரைப் புனிதராகப் போற்றுகிறோம். பெல்ஜியத்தில் பிறந்த அருள்சகோதரி ஜீன் தேவோஸ் 1985இல் நம் நாட்டில் வீட்டுப் பணியாளருக்கென்றே இயக்கம் தொடங்கினார். அவர்களும் மற்றவரைப் போல் தொழிலாளர்களே என்று 2011இல் ஜெனீவாவில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தன் 189ஆம் உடன்படிக்கையில் எழுதி வைத்தது. பேராலயத்தில் புனிதர், ஜெனீவாவில் தொழிலாளர், நம் அரங்கில் மட்டும் மூக்கைப் பிடிக்க ஓர் ஆள்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்த நாடகத்தின் கதையைத் தழுவி, நம் பங்குத் திருவிழாவின் எட்டாம் நாள் இரவு நாமே ஒரு நாடகம் போடலாம் என்று பேரவை தீர்மானித்திருக்கிறது. வேலைக்காரி வேடம் கல்லூரி மாணவர் ஒருவருக்கு. சேலை கட்டிக்கொண்டு அவர் வந்தாலே மேடை களைகட்டிவிடும் என்கிறார்கள். கட்டும். அந்த மேடைக்கு முன்னே தரையில் பாய் விரித்து அமரப் போகிறவர்களில் பாதிப்பேர் பிறர் வீட்டில் வேலை செய்கிறவர்கள். மேடைக்கு வரி கொடுத்தவர்கள்.

நம் அதிகாரத்தால் தடுத்துவிடலாம். அப்போது, சாமிக்குப் பிடிக்கவில்லை, அதனால் நின்றுவிட்டது என்ற பேச்சுத்தான் மிஞ்சும். அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கும். அந்த அம்மாளையே கேட்டுவிடுவோம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அதுவும் வேண்டா. சிரித்தது நாம், தீர்ப்புச் சொல்லும் பாரத்தையும் அவர் தலையில் ஏற்றுவதா?

நடிக்கவிருக்கும் பிள்ளைகளுக்கும் பேரவையினருக்கும் ஒன்று சொல்கிறோம். ஒத்திகை வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு. அதற்குள் நாடகப் பிரதியை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். காலையில் உங்கள் சமையலறையில் பாத்திரம் துலக்குகிறவர் காதில் விழும்படி, கூடத்தில் நின்று அதை உரக்க வாசியுங்கள். எந்த வரியில் உங்கள் குரல் தானாகத் தாழ்கிறதோ, அந்த வரியை அடித்துவிட்டு ஒத்திகைக்கு வாருங்கள்.