சோழவரத்து வீரம்

"சோழவரத்தில் பைக் ஓட்டியவன்தான் வீரன்" என்று எங்கள் கூரத்துத் திண்ணையில் இன்னும் பெருமை பேசுகிறார்கள். என்ன பெருமை ஐயா? அது உலகப்போர்க் காலத்து ஓடுதளம். விமானம் இறங்கப் போட்டது. எண்பதுகள் வரை அதிலேயே பந்தயம் விட்டார்கள்.

நான் பிரெஞ்சில் படித்தவன். 1903-இல் பாரிஸ்–மாட்ரிட் பந்தயம் பொதுச்சாலையில் பலரைக் காவு வாங்கியதும், பிரெஞ்சு அரசு போர்தோவிலேயே அதை நிறுத்தியது.

இங்கே 1990-இல்தான் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தடம் வந்தது. வந்து என்ன? 2023 ஆகஸ்டில் அங்கே 13 வயதுப் பையன் பந்தயத்தில் விழுந்து இறந்தான். சாலையில் கியர் வண்டி ஓட்ட 18 வயது கேட்கிறது சட்டம். பந்தயத்துக்கு மட்டும் 13 போதுமா? காலமெல்லாம் கோப்பு புரட்டிய குமாஸ்தா கேட்கிறேன்: அந்த அனுமதியில் கையெழுத்து யாருடையது?