டொர்னாடோ வார்னிங் வந்தா வீட்டில் எந்த அறைக்கு ஓடணும்? முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியவை என்னென்ன?

வர்தா, கஜா, மிக்ஜாம்... புயல் என்றால் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவானதுமே செய்தி வந்துவிடும். எங்கே கரையைக் கடக்கும் என்று நான்கைந்து நாள் பேசுவோம். பால் பாக்கெட், மெழுகுவர்த்தி வாங்கி வைப்போம். பவர் பேங்க்கை சார்ஜ் போடுவோம். அப்புறம் கான்கிரீட் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் பெரும்பாலும் போதும்.

டொர்னாடோவிடம் இந்தப் பழக்கம் எதுவும் எடுபடாது. உங்கள் ஏரியாவுக்கு வருகிறது என்று எச்சரிக்கை வரும்போது கையில் இருப்பது சராசரியாக பத்து நிமிடம், சில நேரம் அதுவும் இல்லை. போதாக்குறைக்கு, அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகள் மரச்சட்டங்களால் கட்டப்பட்டவை.

அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 டொர்னாடோக்கள் பதிவாகின்றன. மாநிலங்களில் டெக்சாஸில்தான் எண்ணிக்கை அதிகம். ஐ.டி. வேலைக்காகத் தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாகக் குடியேறியிருக்கும் பிளேனோ, ஃப்ரிஸ்கோ, இர்விங் எல்லாம் டல்லாஸைச் சுற்றித்தான் இருக்கின்றன. அங்கே இருப்பவர்களும், அங்கே போகப்போகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? பார்க்கலாம்.

புயலும் டொர்னாடோவும் ஒண்ணுதானே?

இல்லை. புயல் பல நூறு கிலோமீட்டர் அகலம் கொண்டது, நாள்கணக்கில் நகரும். டொர்னாடோ என்பது இடிமேகத்தின் அடியிலிருந்து தரையைத் தொடும் சுழல்காற்றுத் தூண். அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்தான். பல டொர்னாடோக்கள் பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். ஆனால், அந்த நேரத்துக்குள் ஒரு தெரு தரைமட்டமாகலாம். பக்கத்துத் தெருவில் பூந்தொட்டி கூட அசையாமல் இருக்கலாம்.

இதன் வலிமையை, ஏற்பட்ட சேதத்தை வைத்து 'இ.எஃப்.' அளவுகோலில் 0 முதல் 5 வரை மதிப்பிடுகிறார்கள். இ.எஃப்.5 என்றால் காற்றின் வேகம் மணிக்கு 320 கி.மீ.க்கு மேல். ஆனால், பெரும்பாலானவை இ.எஃப்.0, இ.எஃப்.1 ரகம்தான். கூரை பிய்ந்து போனாலும், வீட்டின் நடுவில் இருக்கும் சின்ன அறை நிற்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. வீட்டுக்குள் உயிர் பிழைப்பதற்கான கணக்கே இதை வைத்துத்தான்.

'வாட்ச்' வேறு, 'வார்னிங்' வேறு

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

'டொர்னாடோ வாட்ச்' என்றால், அடுத்த சில மணி நேரத்தில் டொர்னாடோ உருவாகச் சாதகமான சூழல் இருக்கிறது என்று அர்த்தம். ஓக்லஹோமாவின் நார்மன் நகரில் இருக்கும் புயல் கணிப்பு மையம் இதை அறிவிக்கும். பல மாவட்டங்களுக்குச் சேர்த்து வரும். இந்த நேரத்தில் போனை சார்ஜ் போட்டு, ஷூ, டார்ச் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

'டொர்னாடோ வார்னிங்' என்றால், ரேடாரில் சுழற்சி தெரிந்துவிட்டது அல்லது யாரோ நேரில் பார்த்துவிட்டார்கள். உள்ளூர் வானிலை அலுவலகம் குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் இதை வெளியிடும். வந்துவிட்டால் யோசிக்க எதுவும் இல்லை, உடனே பாதுகாப்பான அறைக்குப் போய்விட வேண்டும்.

ஆனால், நடைமுறையில் பலர் போவதில்லை. மிசௌரி மாநிலத்தின் ஜாப்ளின் நகரை 2011 மே 22 அன்று இ.எஃப்.5 டொர்னாடோ தாக்கியதில் 158 பேர் உயிரிழந்தனர். சைரன் ஒலித்த பிறகும் பலர் இன்னொரு உறுதிப்படுத்தலுக்காகக் காத்திருந்தார்கள் என்பது பிறகு நடந்த அரசு ஆய்வில் தெரியவந்தது. வானத்தை எட்டிப் பார்ப்பது, டிவியை மாற்றிப் பார்ப்பது, வாட்ஸ்அப் குரூப்பில் "யாருக்காவது தெரியுதா?" என்று கேட்பது... பத்து நிமிடம் இப்படித்தான் கரையும்.

சைரன் கேட்குமே?

சைரன்கள் வெளியில் இருப்பவர்களை உள்ளே போகச் சொல்வதற்காக வைக்கப்பட்டவை. ஏ.சி. ஓடும் அறையில் தூங்குபவருக்குக் கேட்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஒலிக்காமலே போகவும் வாய்ப்புண்டு. 2025 மே 16 அன்று செயின்ட் லூயிஸ் நகரை டொர்னாடோ தாக்கியபோது, யார் பட்டனை அழுத்துவது என்ற குழப்பத்தில் நகரின் சைரன்கள் ஒலிக்கவே இல்லை.

இரவு நேரம் இன்னும் ஆபத்து. இரவு டொர்னாடோக்கள் உயிரைப் பறிக்கும் வாய்ப்பு பகலைவிட சுமார் இரண்டரை மடங்கு அதிகம் என்கிறது ஓர் ஆய்வு. 2020 மார்ச் 3 அதிகாலை, டென்னசியின் குக்வில் பகுதியில் 19 பேர் இறந்தது ஊர் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான்.

அதனால் போனில் அவசர எச்சரிக்கை வசதி ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். சத்தம் தொல்லை என்று எப்போதோ அணைத்து வைத்திருக்கலாம். கூடவே பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்று இருந்தால் நல்லது. மின்சாரமும் டவரும் போனாலும் அது எழுப்பிவிடும்.

சரி, எந்த அறை?

டொர்னாடோவில் பெரும்பாலும் ஆளைக் கொல்வது பறந்து வரும் பொருட்கள். பலகை, ஓடு, கண்ணாடி, ஆணி. அதனால், உங்களுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் எத்தனை சுவர் வைக்க முடியுமோ அத்தனை சுவர் வேண்டும்.

- தரைக்கு அடியில் பேஸ்மென்ட் இருந்தால் அங்கே போங்கள். உறுதியான மேஜைக்கு அடியில் உட்காரலாம். மேல் மாடியில் ஃபிரிட்ஜ் போன்ற கனமான பொருள் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே வேண்டாம்.
- டல்லாஸ் பக்கம் களிமண் நிலம் என்பதால் பேஸ்மென்ட் அரிது. அங்கே தரைத்தளத்தில், நடுவில், ஜன்னலே இல்லாத சின்ன அறைதான் வழி. பாத்ரூம், துணி அலமாரி அறை, மாடிப்படிக்கு அடியில் உள்ள இடம் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்வு செய்யுங்கள்.
- குனிந்து உட்கார்ந்து தலையையும் கழுத்தையும் மூடுங்கள். மெத்தை, கனமான போர்வை உதவும். சைக்கிள் ஹெல்மெட் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள்.
- காலில் ஷூ கட்டாயம். பிறகு வெளியே வரும்போது கண்ணாடி, ஆணி மேல்தான் நடக்க வேண்டியிருக்கும்.

கராஜில் மட்டும் ஒதுங்க வேண்டாம். பலமான காற்றில் முதலில் உடைவதில் கராஜ் கதவும் ஒன்று. அது போனால் காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தூக்கும்.

மூணாவது மாடி அபார்ட்மென்ட்னா?

புதிதாகப் போகும் பலர் வாடகைக்கு எடுப்பது இதைத்தான். கீழ்த்தளத்துக்கு இறங்க வேண்டும், லிஃப்ட் வேண்டாம். கீழே எங்கே போவது என்பதை வீடு எடுக்கும்போதே லீஸிங் ஆபீஸில் கேட்டுவிடுங்கள். கீழ்வீட்டுக்காரருடன் முன்பே பேசி வைப்பதும் நல்லது. நேரமே இல்லை என்றால், உங்கள் வீட்டிலேயே நடுவில் உள்ள ஜன்னல் இல்லாத பாத்ரூம்தான்.

மொபைல் ஹோம், கார்

வீட்டுக்குள் பதுங்கும் அறிவுரை பொருந்தாத இடம் மொபைல் ஹோம். அமெரிக்க வீடுகளில் இவை சிறு பங்குதான். ஆனால், வீடுகளில் நிகழும் டொர்னாடோ மரணங்களில் ஏறத்தாழ பாதி இவற்றில்தான். 'வாட்ச்' வந்ததுமே உறுதியான கட்டிடத்துக்குப் போய்விட வேண்டும்.

காரும் பாதுகாப்பு அல்ல. 2015 டிசம்பர் 26 அன்று டல்லாஸ் அருகே கார்லண்டில் இறந்த 10 பேரில் பெரும்பாலானோர் நெடுஞ்சாலையில் வாகனங்களில் சிக்கியவர்கள். மாறாக, 2019 அக்டோபர் 20 ஞாயிறு இரவு வடக்கு டல்லாஸை இ.எஃப்.3 டொர்னாடோ கிழித்துச் சென்றபோது சேதம் மிகப் பெரிது, ஆனால் ஓர் உயிர் கூடப் போகவில்லை.

ஜன்னலைத் திறந்து வைக்கணுமா?

அழுத்தம் சமமாகும், வீடு வெடிக்காது என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. தவறு. திறந்தால் காற்றும் குப்பையும்தான் உள்ளே வரும். ஜன்னல் பக்கமே போகாதீர்கள். நேரம் இருந்தால் உள் அறைகளின் கதவுகளைச் சாத்துங்கள். கூரை மேல் விழும் விசை 30% வரை குறையும் என்று காற்றுச் சோதனைகளில் தெரியவந்துள்ளது.

ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருந்தால்?

இதைப் பலர் யோசிப்பதில்லை. விசிட்டர் விசாவில் பெற்றோர் வருவது பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில். சமவெளி மாநிலங்களில் டொர்னாடோ சீசன் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். நீங்கள் ஆபீஸில் இருப்பீர்கள், அவர்கள் வீட்டில் தனியாக இருப்பார்கள். எச்சரிக்கை தமிழில் வராது.

அதனால் வந்த முதல் வாரத்திலேயே அந்த எச்சரிக்கைச் சத்தத்தை யூடியூபில் போட்டுக் காட்டுங்கள். "இந்தச் சத்தம் வந்தா எனக்கு போன் பண்ண வேண்டாம்மா, நேரா இந்த பாத்ரூமுக்குப் போயிடுங்க" என்று சொல்லி, ஒருமுறை நடக்க வைத்தும் பாருங்கள். முழங்கால் வலி இருப்பவர் என்றால் உள்ளே ஒரு ஸ்டூல் போட்டு வையுங்கள். மாத்திரைப் பெட்டி, பாஸ்போர்ட் நகல், டார்ச், ஒரு விசில் அங்கேயே இருக்கட்டும். இடிபாட்டில் சிக்கினால் கத்துவதைவிட விசில் ஊதுவது சுலபம்.

பாதுகாப்பு அறையே கட்டலாமா?

சொந்த வீடு என்றால் கட்டலாம். அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை முகமையின் வழிகாட்டுதல்படி, இது மணிக்கு 400 கி.மீ. காற்றைத் தாங்க வேண்டும். சுமார் 7 கிலோ மரக்கட்டை 160 கி.மீ. வேகத்தில் மோதினாலும் துளைக்கக் கூடாது. செலவு பல ஆயிரம் டாலர். ஓக்லஹோமாவில் 'சூனர்சேஃப்' திட்டத்தில் குலுக்கல் முறையில் மானியம் தருகிறார்கள்.

24 பேரைப் பலிகொண்ட 2013 டொர்னாடோவுக்குப் பிறகு, அதே மாநிலத்தின் மூர் நகரம் மணிக்கு சுமார் 217 கி.மீ. காற்றைத் தாங்கும்படி புது வீடுகளைக் கட்டச் சொல்லி 2014-ல் விதியையே மாற்றியது. வீடு வாங்கும்போது கிரானைட் கிச்சனைப் பார்ப்பவர்கள், கூரை சுவரோடு எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கேட்கலாம்.

இங்கே இருப்பவர்களுக்கு

டல்லாஸில் டொர்னாடோ அதிகம் வரும் மாலை நேரம், நமக்கு நள்ளிரவு தாண்டி விடியற்காலை. செய்தியைப் பார்த்ததும் வீடியோ கால் போட்டு "வானம் எப்படி இருக்கு, காட்டு" என்று கேட்கத் தோன்றும். வேண்டாம். அவர்கள் அந்த நேரத்தில் ஜன்னல் பக்கம் வரக் கூடாது, போன் பேட்டரியும் தீரக் கூடாது. எச்சரிக்கை முடிந்ததும் "சேஃப்" என்று ஒரு மெசேஜ் போடச் சொல்லி முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அது வரும்வரை காத்திருப்பதுதான் இங்கிருந்து நாம் செய்யக்கூடிய உதவி.