மேடை கெடுத்ததா, நாம் கெடுத்தோமா?

நாடகக்காரர்கள் சரித்திரத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்பது நமது கற்றறிந்தோர் சிலரின் நெடுநாளைய குற்றச்சாட்டு. அவர்கள் தவறாது காட்டும் உதாரணம் பண்டாரவன்னியன். நமது மேடைகளில் அவனைக் காட்டிக்கொடுப்பவனாகக் காக்கை வன்னியன் வருகிறான். யாழ்ப்பாண வைபவமாலையோ காக்கை வன்னியனைச் சங்கிலி மன்னன் காலத்துத் துரோகியாகச் சொல்கிறது. இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள். குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது, மறுப்பதற்கில்லை.

ஆனால் நான் கேட்பது வேறு. அந்த முரண்பாட்டைக் கண்டுபிடிக்க வைபவமாலையைப் புரட்டத் தூண்டியது எது? ஒட்டுசுட்டானுக்கு அண்மையில், கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நாட்டிய கல்லொன்று 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாகக் கூறியது. தோற்கடித்ததாக மட்டுமே, கொன்றதாக அன்று. அப்படியாயின் அவன் இறந்தது எப்போது என்று சாதாரண மக்களும் விவாதிக்கிறார்கள். 1895இல் வெளியான ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலைத் தேடுகிறார்கள். முல்லைமணியின் ‘பண்டாரவன்னியன்’ போன்ற நாடகங்கள் அப்பெயரை ஊரூராகக் கொண்டு செல்லாதிருந்தால், அந்தக் கல் வழிப்போக்கர் சாய்ந்திருக்கும் வெறுங்கல்லாகவே கிடந்திருக்கும்.

மேடை ஆவணத்திற்குப் பகையன்று என்பதற்கு இன்னுமொரு சான்று பேராசிரியர் சு. வித்தியானந்தன். அறுபதுகளில் கர்ணன் போர், இராவணேசன் ஆகிய கூத்துகளைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றிய அதே கரங்கள்தாம் ஏடுகளிலும் கையெழுத்துப் பிரதிகளிலும் கிடந்த கூத்து நூல்களைப் பதிப்பித்தன. ‘அலங்கார ரூபன் நாடகம்’ 1962இலும் ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்’ 1964இலும் அச்சேறின. நாட்டுக்கூத்தைப் பாமரர் பொழுதுபோக்கு என ஒதுக்கியவர்கள் அதன் பிரதியைத் தேடியிருப்பார்களா? ஆட்டத்தின் அருமை உணரப்பட்ட பின்னரே ஏட்டின் அருமையும் உணரப்பட்டது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்துடன் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அந்தத் தீயை வைத்தவர்கள் பிறர். ஆனால் அண்ணாவிமாரின் வீடுகளில் கறையானுக்கு இரையாகும் கூத்துக் கொப்பிகளுக்கு யாரைக் குற்றஞ்சொல்வது? அங்கே அழிப்பது நமது அலட்சியமே. மேடையை நோக்கி விரல் நீட்டும் அறிஞர் பெருமக்கள் எத்தனை கொப்பிகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள்?

நாடகக்காரருக்கும் ஒரு கடமை உண்டு. சரித்திர நாடகம் போடுகின்றவர்கள் மண்டப வாசலில் அக்கதைக்கான மூல ஆவணங்களின் பிரதிகளையும் காட்சிக்கு வைக்கட்டும். எது சான்று, எது கற்பனை என்பதைச் சபையே தீர்மானிக்கும். சபையோர் மூடர்களல்லர்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டனாரோ பெரியப்பாவோ கூத்தாடியவராயின், அவரது கொப்பி எங்கேயென்று இன்றே ஊருக்குத் தொலைபேசியில் கேளுங்கள். 2005 முதல் இயங்கிவரும் நூலகம் இணையத்தளம் போன்ற முயற்சிகள் இருக்கின்றன, பிரதியெடுத்துக் கொடுங்கள். கொப்பி கறையானிடம் போன பின்னர் இரங்கற் கூட்டம் வைப்பதில் நாம் வல்லவர்கள். அந்த வல்லமை இனிப் போதும்.