எண்ணெய் விலையும் ஏழு இருக்கை வண்டியும்

தஞ்சை மாவட்டத்து அன்பர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பணி ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. மகனுடைய கார் பழசாகிவிட்டது. புதிது வாங்க வேண்டும். ஐவர் அமரும் சிறிய காருக்குப் பதிலாக ஏழு இருக்கை கொண்ட பெரிய வண்டியாகவே வாங்கிவிட்டால், தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருவர் என அறுவரும் ஒன்றாகக் குலதெய்வக் கோயிலுக்கும் நவக்கிரகத் தலங்களுக்கும் சென்று வரலாமே என்பது மகனின் விருப்பம். அதற்குக் கூடுதலாகும் 5 லட்சம் ரூபாயைத் தந்தை தரவேண்டும். அந்தத் தொகை அஞ்சலகத்தில், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இருக்கிறது.

"பெட்ரோல் விலை இனி இறங்குமுகந்தான் அப்பா. பெரிய வண்டியானாலும் கட்டுப்படியாகும்" என்கிறாராம் மகன். "இன்று இறங்கும், நாளை ஏறும். ஏறும்போது வண்டியைக் கொட்டகையில் பூட்டி வைப்பாயா?" என்பது தந்தையின் கேள்வி. இருவரில் யார் சொல்வது சரி என்று இந்தப் பகுதியில் எழுத வேண்டுமாம்.

தந்தையும் மகனும் எதிரெதிராகப் பேசினாலும் இருவர் பார்வையும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. எண்ணெய் விலையை வைத்தே இதை முடிவு செய்ய வேண்டும் என்று இருவரும் கருதுகிறார்கள். அதை வைத்து முடிவு செய்யவே கூடாது என்பது என் எண்ணம்.

ஒரு காரை நாம் வாங்கினால் பத்து ஆண்டுகளாவது வைத்திருக்கிறோம். எண்ணெய் விலையோ, 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் நாள்தோறும் மாறக்கூடியதாக ஆக்கப்பட்டது. நாள்தோறும் மாறக்கூடிய ஒன்றைக் கொண்டு பத்தாண்டுக்கான முடிவை எடுத்தவர்கள் பட்ட பாட்டை நாம் கண்ணெதிரே கண்டிருக்கிறோம். 2012 மே மாதத்தில் டெல்லியில் ஒரு லிட்டர் பெட்ரோல் 73 ரூபாயைத் தொட்டது. டீசல் 41 ரூபாய்தான். இடைவெளி 32 ரூபாய்! அன்று நாடெங்கும் டீசல் கார்களுக்கு மக்கள் காத்துக் கிடந்தார்கள். டீசல் கார் விலை அதிகம், பராமரிப்பும் அதிகம் என்று தெரிந்தும், எண்ணெயில் மீட்டுவிடலாம் என்று வாங்கினார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. 2020 ஜூன் 24 அன்று அதே டெல்லியில் டீசலின் விலை பெட்ரோலை மிஞ்சியது. எட்டே ஆண்டுகள். 2012இல் வாங்கிய வண்டி அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வாங்கியதற்கான காரணந்தான் இல்லாமற் போயிற்று. அதே 2020 ஏப்ரலுக்குப் பிறகு மாருதி நிறுவனம் டீசல் கார் விற்பதையே நிறுத்திக்கொண்டது.

"உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிகிறதே" என்று மகன் சொல்லக்கூடும். சரியட்டும். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெயின் முன்பேர விலை சுழியத்திற்கும் கீழே போயிற்று. நம் ஊர்ப் பங்குகளில் எண்ணெயை இலவசமாகவா ஊற்றினார்கள்? மே மாதத் தொடக்கத்தில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கலால் வரி கூட்டப்பட்டது. உலக விலை இறங்கியதன் பயன் வரியாகப் போய்ச் சேர்ந்தது. மறுபுறம், 2022 மே மாதத்தில் உலக விலை உச்சத்தில் இருந்தபோதே பெட்ரோலுக்கு 8 ரூபாயும் டீசலுக்கு 6 ரூபாயும் வரி குறைக்கப்பட்டது. பங்கில் நாம் கொடுக்கும் விலையில் கச்சா எண்ணெய் ஒரு பாகம். மத்திய, மாநில வரிகள் மற்றொரு பாகம். இந்த இரண்டையும் பத்தாண்டுக்கு முன்கூட்டிச் சொல்ல வல்ல சோதிடர் எவரையும் நான் அறியேன்.

இப்போது காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான குடும்பங்களில் கார் ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம், அப்படியே வைத்துக்கொள்வோம். சிறிய கார் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தருகிறது; பெரியது 12 தருகிறது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். சிறியதற்கு ஆண்டுக்கு 444 லிட்டர், 44,400 ரூபாய். பெரியதற்கு 667 லிட்டர், 66,700 ரூபாய். ஆக, பெரிய வண்டியால் எண்ணெய்ச் செலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 22,200 ரூபாய் கூடுகிறது. இது சிறு தொகை அன்று.

ஆனால் நம் கேள்வி விலை மாறுவதைப் பற்றியது. லிட்டருக்கு 10 ரூபாய் ஏறினால் அந்தக் கூடுதல் 24,400 ஆகும். 10 ரூபாய் இறங்கினால் 20,000 ஆகும். தந்தையும் மகனும் வாரக்கணக்கில் வாதிடும் அந்த 10 ரூபாயால் பெரிய வண்டிக்கும் சிறிய வண்டிக்கும் உள்ள வேறுபாடு மாதத்திற்கு 185 ரூபாய்தான் அசைகிறது. அர்ச்சனைத் தட்டு ஒன்றிரண்டின் விலை! வாடகைக்கு ஓட்டி ஆண்டுக்கு 30,000, 40,000 கிலோமீட்டர் போகிறவர் இதைக் கணக்கிட்டே ஆகவேண்டும். அவர் தொழில் அதில் இருக்கிறது. அலுவலகத்திற்கும் கடைத்தெருவுக்கும், விடுமுறையில் கோயிலுக்கும் செல்லும் குடும்பத்திற்கு அந்தக் கவலை வேண்டாம்.

வேறு இடத்தில் பெருஞ்செலவு ஒளிந்திருக்கிறது. கடிதத்தில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதால் சற்று விரித்தே எழுதுகிறேன். சிறியது 9 லட்சம், பெரியது 14 லட்சம் என்று கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட ஆயுட்கால வரிப்படி 5 லட்சத்திற்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம். அதைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். சிறியதற்கு 1,17,000 ரூபாய் வரி. பெரியதற்கு 2,52,000. வேறுபாடு 1,35,000 ரூபாய். மேலே சொன்ன எண்ணெய்க் கூடுதலின்படி பார்த்தால் இது ஆறு ஆண்டுக்கான எண்ணெய். பதிவு செய்யும் நாளிலேயே கட்டியாக வேண்டியது. ஆகவே 5 லட்சம் என்று மகன் சொல்லியிருப்பது வண்டி விலையை மட்டுமா, வரியும் சேர்த்தா என்று முதலில் கேளுங்கள். எஞ்சின் 1,500 சி.சி.யைத் தாண்டினால் கட்டாயக் காப்பீடும் கூடுகிறது. 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 3,416 ரூபாய்க்குப் பதிலாக 7,897 ரூபாய். சுங்கச்சாவடியில் மட்டும் காருக்கும் ஏழு இருக்கை வண்டிக்கும் ஒரே கட்டணம். பெரிய வண்டிக்குச் சாதகமாகச் சொல்ல அது ஒன்று உண்டு.

இனி, அஞ்சலகத்தில் உள்ள 5 லட்சம். 2023 ஏப்ரலில் இந்தத் திட்டத்திற்கு 8.2 சதவீத வட்டி நிர்ணயிக்கப்பட்டது. அந்த விகிதத்தில் கணக்குத் தொடங்கியிருந்தால் மூன்று மாதத்திற்கு ஒருமுறை 10,250 ரூபாய், ஆண்டுக்கு 41,000 ரூபாய் உங்கள் கைக்கு வருகிறது. மாத்திரைக்கும் பாலுக்கும் பேரன் பிறந்தநாளுக்கும் எவரையும் கேளாமல் எடுத்துச் செலவிடும் பணம் அது. மகன் நல்லவர், கேட்டால் தருவார். ஆனால் கேட்பது என்பது வேறு, கையில் இருப்பது என்பது வேறு. வயதான காலத்தில் இந்த வேறுபாட்டின் அருமை நமக்கு விளங்குமளவு நாற்பது வயதுக்காரர்களுக்கு விளங்குவதில்லை. அது அவர்கள் குற்றமும் இல்லை.

இழக்கும் வட்டி 41,000, கூடும் எண்ணெய் 22,200, வரி வேறுபாட்டைப் பத்தாண்டுக்குப் பகிர்ந்தால் 13,500. கூட்டினால் ஆண்டுக்கு 76,700 ரூபாய். பத்தாண்டு கழித்து வண்டியை விற்கும்போது அந்த 5 லட்சத்தில் எவ்வளவு திரும்பும் என்பதை இதில் நான் சேர்க்கவே இல்லை. ஆக, இரண்டு இருக்கை கூடுதலாக வைத்திருப்பதற்கு நாம் ஆண்டுதோறும் செலுத்தும் கட்டணம் இது. அந்த இருக்கைகள் ஆண்டில் எத்தனை நாள் நிரம்பும்? அன்பரின் வீட்டில் மகன் தனியே அலுவலகம் போகிறார். பிள்ளைகள் பள்ளி வேனில் போகிறார்கள். குலதெய்வம் கோயிலுக்கு ஆண்டுக்கு இருமுறை, தலயாத்திரை ஒன்று, உறவில் திருமணம் இரண்டு மூன்று. எண்ணிப் பார்த்தால் ஆறு ஏழு நாள் தேறும். ஓட்டுநருடன் வேன் அமர்த்த நாளொன்றுக்கு 8,000 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் ஆறு நாளுக்கு 48,000. உங்கள் ஊர் வாடகையை விசாரித்து அந்த எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். நான் போட்ட கணக்கில், ஆண்டில் பத்து நாளுக்குக் குறைவாகவே அறுவரும் சேர்ந்து போகிறார்கள் என்றால் வேனே மேல். மகனும் ஓட்டிய களைப்பின்றிச் சன்னதியில் நிற்பார்.

திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம் என்பார்கள். ஆண்டில் அது வீதி வலம் வருவது தேரோட்டத்தின்போதுதான். மற்றக் காலமெல்லாம் அது நிலையில் நிற்கிறது. ஏனைய புறப்பாடுகளுக்குப் பல்லக்கும் கேடயமும் சிறு வாகனங்களும் இருக்கின்றன. எந்தக் கோயிலிலும் தேர் இருக்கிறதே என்று அன்றாடப் புறப்பாட்டிற்கு அதை இழுப்பதில்லை.

பெரிய வண்டியே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். கூட்டுக்குடும்பமாக இருந்து வாரந்தோறும் ஆறேழு பேர் சேர்ந்து போகும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே இரண்டு சிறிய கார்கள் புறப்பட்டால் எண்ணெய், சுங்கம் இரண்டும் இரட்டிப்பாகும். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் கார் இரண்டு சேர்ந்து ஓடுவது, 9 கிலோமீட்டர் தரும் ஒரு வண்டி ஓடுவதற்குச் சமம். 12 தரும் பெரிய வண்டி அங்கே சிக்கனமே. பெட்ரோல் 80 ஆனாலும் 120 ஆனாலும் இது மாறாது. பார்த்தீர்களா, இங்கும் முடிவைச் சொல்வது ஆள் எண்ணிக்கைதான்.

வாங்குவது என்றே முடிவானால் ஒன்று செய்யுங்கள். ஷோரூமுக்கு மகன் மட்டும் போய்வர வேண்டாம். அம்மாவையும் அழைத்துச் செல்லட்டும். இந்த வண்டிகள் பலவற்றில் தரை உயரம். முழங்கால் வலி உள்ளவர் ஏறக் கைப்பிடி வேண்டும், படி வேண்டும். மூன்றாம் வரிசைக்குப் போக நடுவரிசை இருக்கையை மடக்கி, குனிந்து, இடுக்கில் காலை நுழைக்க வேண்டும். பெரியவர்கள் நடுவரிசையில் அமர்ந்தால், பின்னால் இருக்கும் குழந்தைகள் இறங்கும்போதெல்லாம் எழுந்து வழிவிட வேண்டும். நெடுவழியில் நான்கு முறை நிறுத்தினால் நான்கு முறையும் எழ வேண்டும். மூன்று வரிசையிலும் ஆள் அமர்ந்தால் பல வண்டிகளில் பின்புறம் இரண்டு பைக்குமேல் வைக்க இடமிராது. பொங்கல் வைக்கும் பானையும் பாத்திரமும் மடியில்தான். ஓட்டிப் பார்க்கும் நாளில் அறுவரும் பைகளோடு ஏறி ஒரு மணி நேரம் அமர்ந்து பாருங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தாலும் பாதகமில்லை. கும்பகோணத்துச் சந்நிதித் தெருக்களில் திருவிழாக் காலத்தில் நீளமான வண்டியைத் திருப்பி நிறுத்துவது எப்படி என்று மகனே உங்களுக்குச் சொல்வார்.

அன்பருக்கு என் விடை இதுதான்: மகனிடம் எண்ணெய் விலையைப் பேச வேண்டாம், நாள்காட்டியை எடுத்துக் கொடுங்கள். கடந்த ஆண்டில் ஆறு பேரும் சேர்ந்து புறப்பட்ட நாள்களை அவரே குறிக்கட்டும். ஒன்றாகப் போகவேண்டும் என்னும் அவருடைய ஆசை நல்ல ஆசை. அதை மறுத்துவிட்டதாக அவருக்குத் தோன்றக்கூடாது. இந்த ஆண்டு குலதெய்வம் கோயிலுக்குச் செல்ல வேன் வாடகையை நீங்களே தருவதாகச் சொல்லுங்கள். உங்கள் காலாண்டு வட்டி 10,250 அதற்குப் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் தருவது என்று மனம் முடிவு செய்தால், கணக்கு தொடங்கிய தேதியைப் பாஸ் புத்தகத்தில் பார்த்துவிட்டு அஞ்சலகம் செல்லுங்கள். ஓராண்டு முடியுமுன் கணக்கை மூடினால் அதுவரை தந்த வட்டியை அசலிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். ஓராண்டுக்கு மேல் இரண்டாண்டுக்குள் என்றால் அசலில் ஒன்றரை சதவீதம், அதாவது 5 லட்சத்திற்கு 7,500 ரூபாய் பிடித்தம். இரண்டாண்டுக்கு மேல் ஐந்தாண்டுக்குள் என்றால் ஒரு சதவீதம், 5,000 ரூபாய். ஐந்தாண்டு நிறைந்து, மேலும் மூன்றாண்டுக்கு நீட்டித்த கணக்கானால், நீட்டித்து ஓராண்டு கடந்தபின் பிடித்தமின்றி மூடலாம். அந்த நாள் அருகில் இருந்தால் மகன் சில மாதம் காத்திருப்பதில் தவறில்லை.